சதுப்பு நிலத்தைச் சாலை கடக்கும் நான்கு வழிகள்: எதை எப்போது ஏற்பது?

பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம் ஒன்றின் குறுக்கே நெடுஞ்சாலைத் திட்டம் வரும்போதெல்லாம், சாலை வேண்டுமா, பறவைகள் வேண்டுமா என்ற கேள்விதான் அந்த வட்டார மக்களின் முன் வைக்கப்படுகிறது. நெரிசலில் தினமும் ஒரு மணி நேரத்தைத் தொலைப்பவர் இதற்கு என்ன பதில் சொல்வார் என்பது கேட்பவருக்கும் தெரியும். உண்மையில் நம் முன் இருப்பவை நான்கு வழிகள்: சதுப்பில் மண் கொட்டிக் கரை எழுப்பி அதன்மேல் சாலை போடுவது, தூண்களின்மேல் உயர்த்திக் கொண்டுபோவது, சதுப்பைச் சுற்றிக்கொண்டு போவது, புதிய சாலையே போடாமல் பயணத் தேவையை வேறு வகையில் தீர்ப்பது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போகவிருக்கும் குடியிருப்போர் சங்கத்தாரும் தீர்மானம் போட வேண்டிய உள்ளாட்சி உறுப்பினர்களும் இந்த நான்கில் எதைக் கேட்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது. சென்னைக்குத் தெற்கேயுள்ள பள்ளிக்கரணையை அடிப்படை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அங்கே சாலை ஏற்கெனவே போடப்பட்டு, அதன் விளைவும் கண்ணுக்குத் தெரிகிற நிலையில் இருக்கிறது.

எவற்றைக் கொண்டு எடை போடுவது

முதலாவது, தண்ணீர். பள்ளிக்கரணைக்கு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்து மழைநீர் வந்து சேருகிறது. மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் உள்ள ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, கடைசியில் இந்தச் சதுப்பை அடைகின்றன. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்துக்கும் போகின்றன. சதுப்பின் தரை ஏறக்குறைய மட்டமானது. ஆகவே தண்ணீர் பாய்ந்து ஓடுவதில்லை, பரந்து நகர்கிறது. அப்படிப்பட்ட நீரை ஓரடி உயர மேடுகூடத் தடுத்து நிறுத்திவிடும்.

இரண்டாவது, சாலையின் பின்னால் வருவது. சாலைக்கு எடுக்கப்படும் நிலம் சிறிது. அந்தச் சாலையால் விலை ஏறும் நிலம் அதைவிடப் பல மடங்கு. என் கணிப்பில் இந்த இரண்டு அளவுகோல்களுக்கும் மற்ற எல்லாவற்றையும் விட அதிக எடை தர வேண்டும். திட்ட அறிக்கைகளில் எத்தனை மரம் வெட்டப்படும் என்ற கணக்கு இருக்கிறது. பத்தாண்டுகளில் எத்தனை மனைப்பிரிவுகள் முளைக்கும் என்ற கணக்கு இருப்பதில்லை.

மூன்றாவது, மண்: எவ்வளவு வேண்டும், எங்கிருந்து வரும், சதுப்பின் களிமண் அதைத் தாங்குமா. நான்காவது, உயிர்கள்: பூநாரைகள், கூழைக்கடாக்கள், இலைக்கோழிகள் ஆகியவை இரைதேடும் இடம், ஒலி, இரவு வெளிச்சம், சாலையைக் கடக்க முயன்று நசுங்கும் ஆமைகளும் பாம்புகளும். ஐந்தாவது, பணம், ஒப்பந்தப்புள்ளித் தொகையோடு ஐம்பதாண்டுப் பராமரிப்பையும் வெள்ள இழப்பையும் சேர்த்து. கடைசியாக, தவறென்று தெரிந்தால் திரும்பப் பெற முடியுமா என்பது.

வழி ஒன்று: மண் கரையும் சிறுபாலங்களும்

ஒப்பந்தப்புள்ளியில் மலிவானதும் விரைவானதும் இதுதான். எந்தச் சாலைப் பிரிவுக்கும் பழகிய வேலை. பெரிய இயந்திரங்கள் தேவையில்லை. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் செல்லும் 200 அடி ரேடியல் சாலை இந்த முறையில்தான் பள்ளிக்கரணையைக் கடக்கிறது. கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிப் பகுதிகளையும் அதே சாலைதான் கடக்கிறது.

இந்தச் சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. வடக்குப் பகுதி நீர் ஒக்கியம் மடுவை அடைய வேண்டுமானால் தெற்கு நோக்கி இச்சாலையைக் கடந்தே ஆக வேண்டும். கடப்பதற்கு இருப்பவை சிறுபாலங்கள் மட்டுமே. வரைபடத்தில் அவற்றின் அகலத்தைக் கூட்டிப் பார்த்து, இவ்வளவு கன அடி போகும் என்று பொறியாளர் கணக்குக் காட்டலாம். களத்தில் அந்தச் சிறுபாலத்தின் வாயருகே நின்று பார்த்தால்தான் கணக்கு எங்கே தவறுகிறது என்பது புரியும்: ஆகாயத்தாமரை மெத்தைபோல் வந்து அடைத்துக்கொள்ளும், அதன் இடுக்குகளில் தெர்மாகோல் துண்டும் பிளாஸ்டிக் உறையும் சிக்கும், அடியில் வண்டல் ஏறிக்கொண்டே வரும். அக்டோபரில் தூர்வாரியது டிசம்பரில் பயன்பட வேண்டும். இடையில் இரண்டு பெருமழை வந்துவிட்டால் பாதி வாய் மூடியிருக்கும். மதகில்லாத ஏரிக்கரை போல, தடுப்பதை மட்டும் செவ்வனே செய்யும் கரையாகச் சாலை மாறிவிடுகிறது. மேல்பக்கம் தேங்கிய நீர் வீடுகளுக்குள் புகுகிறது. கீழ்ப்பக்கச் சதுப்பு காலத்துக்கு முன்பே காய்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தென்சென்னை பட்ட பாட்டுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நீர் தேங்கி நிற்கும் வெளியைச் சுருக்கியதையும் நீர் வடியும் வழியைக் குறுக்கியதையும் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

இந்தப் படிப்பினை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் எவர்கிளேட்ஸ் சதுப்பின் குறுக்கே 1928-இல் திறக்கப்பட்ட டாமியாமி டிரெயில் என்ற சாலை, தெற்கே நகர்ந்துகொண்டிருந்த அகன்ற நீர்ப்பரப்பை அணைபோல் மறித்தது. பல தலைமுறைகளுக்குப் பிறகு, அதே சாலையின் ஒரு மைல் பகுதியைப் பாலமாக உயர்த்தி 2013-இல் திறந்தார்கள். 2019 வாக்கில் மேலும் இரண்டு மைலுக்கு மேல் பாலமாக மாற்றினார்கள். முதலில் மிச்சம் பிடித்த பணம் பேரப்பிள்ளைகள் காலத்தில் வட்டியும் முதலுமாகச் செலவானது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் இன்னும் உண்டு. கரைக்கு வேண்டிய மண் வானத்திலிருந்து விழுவதில்லை. ஏதோ ஓர் ஏரியின் சவுடு மண்ணோ ஏதோ ஒரு குன்றின் கிராவலோதான் லாரி லாரியாக வருகிறது. ஒரு நீர்நிலையைத் தூர்ப்பதற்கு இன்னொன்றைத் தோண்டுகிறோம். சதுப்பின் களிமண் பாரம் ஏற ஏற நீரை வெளியேற்றி ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். பாலத்தின் முகப்பில் வண்டி தூக்கிப் போடுவதும், ஓரத்தில் தார் நீளவாக்கில் வெடிப்பதும், மேலே மேலே தார் போட்டுச் சமன் செய்வதும் அதனால்தான்.

எல்லாவற்றையும் விடப் பெரியது, கரை தரும் துணிச்சல். சாலை போட்டதும் அதன் ஓரம் தரையாகிவிடுகிறது. லாரி வந்து நிற்க இடம் கிடைத்தால் கட்டட இடிபாடு கொட்டப்படும், கொட்டிய இடம் மேடாகும், மேட்டுக்கு வேலி வரும். 1960-களில் ஏறத்தாழ 5,500 ஹெக்டேராக இருந்ததாக மதிப்பிடப்படும் பள்ளிக்கரணைச் சதுப்பு, பெருமளவுக்குச் சுருங்கிய கதையில் குப்பைக் கிடங்கு, அரசு நிறுவன வளாகங்கள், குடியிருப்புகள், தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் அனைத்துக்கும் பங்குண்டு; அவை எல்லாவற்றுக்கும் வழிவிட்டவை சாலைகள். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதும், 2022-இல் சுமார் 1,248 ஹெக்டேர், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததும் எஞ்சியதைக் காக்கும் முயற்சிகளே.

அப்படியானால் இந்த வழியை எப்போதுமே நிராகரிக்க வேண்டுமா? சதுப்பின் விளிம்பில் குறுகிய ஒரு கிளையைக் கடக்க வேண்டியிருந்து, அங்கே ஏற்கெனவே பழைய ஏரிக்கரையோ வண்டிப்பாதையோ இருந்து, சிறுபாலங்களுக்குப் பதிலாக அகன்ற கண்களுள்ள பாலம் போடப்படுமானால் ஏற்கலாம். நடுச்சதுப்பில் புதிதாக வரும் கரைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வாதம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே சட்டத்தின் ஓர் ஓட்டையையும் சுட்ட வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூடுதல் நிலம் கையகப்படுத்தாமல் செய்யப்படும் சாலை விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை. அதாவது கரை ஒருமுறை அகலமாக எழுந்துவிட்டால், அதன்மேல் தடங்களைக் கூட்டும்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வழி இரண்டு: தூண்களின்மேல் உயர்மட்டச் சாலை

இன்று திட்ட வரைவாளர்கள் முதலில் நீட்டுவது இதைத்தான். எதிர்ப்பாளர்களிலும் பாதிப் பேர் இதில் சமாதானம் அடைந்துவிடுகிறார்கள். தண்ணீரைப் பொறுத்தவரை அந்தச் சமாதானத்துக்கு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அட்சஃபலாயா ஆற்றின் சதுப்புப் படுகையைக் கடந்து 1973-இல் திறக்கப்பட்ட பாலம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளம்; அந்த நீளத்துக்குக் கரை எழுப்பியிருந்தால் படுகை இரண்டாகப் பிளந்திருக்கும். சுற்றிப் போக இடமில்லாத அகன்ற, நீண்ட சதுப்புகளில் இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது.

ஆனால் படத்தில் வரையப்படும் பாலத்தின் கீழே எப்போதும் பச்சைப் புல் வளர்ந்திருக்கும். கட்டும் விதத்தை எந்தப் படமும் காட்டுவதில்லை. தூண் துளையிடும் இயந்திரம் சதுப்பில் நிற்க வேண்டுமானால் அதற்குத் தற்காலிக மண்பாதை வேண்டும். அந்த மண்பாதையை வேலை முடிந்ததும் முழுவதும் அள்ளி எடுப்பது ஒப்பந்தத்தில் தனி இனமாக, தனித் தொகையோடு எழுதப்படவில்லை என்றால் அது அங்கேயே கிடக்கும். தூண்கள் மேலே நிற்க, கீழே கரை எப்படியோ வந்து சேர்ந்திருக்கும். முடிந்த பகுதியின் மேலிருந்தே அடுத்த பகுதியைக் கட்டிச் செல்லும் முறை உண்டு. செலவு கூடும், காலம் நீளும், ஆனால் சதுப்பில் கால் வைக்க வேண்டியிராது. பாலத்தின் அடியில் விழும் நிழல், மழைநீர்க் குழாய்கள் நேரே கீழே கொட்டும் எண்ணெயும் டயர்த் துகளும், உவர்நீரில் துருப்பிடிக்கும் கம்பி ஆகியவற்றுக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

என் உண்மையான தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. உயர்மட்டச் சாலை எங்கே இறங்குகிறது? இறங்கு தளம் சதுப்பின் ஓரத்தில் அமைந்தால், மேலே பறவைக்கு வழிவிட்டு நிற்கும் அதே பாலம், கீழே விளிம்பு நிலங்களின் விலையை ஏற்றிவிடும். ஆகவே பாலம் வேண்டுமா என்று கேட்பதை விட, ஏறு தளமும் இறங்கு தளமும் எந்தச் சர்வே எண்ணில் வருகின்றன என்று கேட்பது பயனுள்ளது. கொழும்பின் புறநகரில், 2007-இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட தலங்கம ஈரநிலத்தின் மேலாக உயர்மட்ட நெடுஞ்சாலை முன்மொழியப்பட்டபோது அப்பகுதி மக்கள் எதிர்த்தார்கள். கொழும்பு நகரமோ 2018-இல் ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. தூண்கள் என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்ப்பு அடங்கிவிடும் என்ற கணக்கு எல்லா ஊரிலும் பலிப்பதில்லை.

வழி மூன்று: சுற்றிப் போவது

போலந்தின் ரோஸ்புடா பள்ளத்தாக்கு இந்த வழிக்குச் சிறந்த சான்று. அகஸ்டோவ் என்ற சிற்றூரின் நடுவே பன்னாட்டுச் சரக்கு லாரிகள் இரவுபகலாக ஓடின. ஊரார் புறவழிச்சாலை கேட்டதில் தவறே இல்லை. அரசு வரைந்த தடமோ ஐரோப்பிய ஒன்றியத்தின் நேச்சுரா 2000 பாதுகாப்பில் இருந்த கரிச்சேற்று நிலத்தின் வழியே, ஏறத்தாழ அரை கிலோமீட்டர் பாலத்தோடு சென்றது. 2007-இல் போராட்டம் வலுத்தது, விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது, 2009-இல் அரசு அந்தத் தடத்தைக் கைவிட்டது. ராச்கி வழியாக மாற்றுத் தடத்தில் அமைந்த சாலை 2014-இல் திறக்கப்பட்டது. ஊரின் குறை தீர்ந்தது, சதுப்பும் தப்பியது. இடையில் கழிந்த ஆண்டுகளில் லாரிகளோடு வாழ்ந்தவர்கள் அகஸ்டோவ் மக்கள். மாற்றுத் தடத்தை முதலிலேயே நேர்மையாக ஆராய்ந்திருந்தால் அந்தத் தாமதமே நேர்ந்திருக்காது.

சுற்றுத்தடத்தின் செலவு, கூடுதல் கிலோமீட்டரும் கூடுதல் நிலமும். தமிழகச் சூழலில் இன்னொன்றும் உண்டு: சதுப்பைச் சுற்றினால் நஞ்சை நிலத்திலோ வேறோர் ஏரியிலோ குடிசைப் பகுதியிலோதான் போய் விழ வேண்டியிருக்கும். யாருக்குக் குரல் குறைவோ அவர் தலையில் தடம் விழுவது நம் ஊரில் புதிதன்று. ஆகவே சுற்றுத்தடத்தைக் கேட்பவர்கள் அது எதன் வழியாகப் போகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சதுப்பு கச்சிதமான எல்லையோடு இருந்து, அருகில் மேட்டு நிலமோ ஏற்கெனவே விரிக்கத்தக்க சாலையோ இருக்கும்போது இதுவே முதல் தேர்வு.

வழி நான்கு: புதிய சாலை போடாமல் இருப்பது

இதை ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரருகே நெரிசலைக் குறைக்க, குவென்ட் லெவல்ஸ் என்ற தாழ்வான ஈரநிலத்தின் குறுக்கே ஏறத்தாழ 23 கிலோமீட்டருக்கு எம்4 நெடுஞ்சாலையின் துணைத்தடம் திட்டமிடப்பட்டது. நீண்ட பொது விசாரணையை நடத்திய ஆய்வாளர் சாலைக்கு ஆதரவாகவே பரிந்துரைத்தார். இருந்தும் 2019 ஜூனில் முதலமைச்சர் மார்க் டிரேக்ஃபோர்ட், செலவையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் காட்டித் திட்டத்தை நிறுத்தினார். அதற்குள் ஆயத்தப் பணிகளுக்கே நூறு மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவாகியிருந்தது. பிறகு அமைக்கப்பட்ட போக்குவரத்து ஆணையம் 2020 நவம்பரில், அந்தச் சாலையில் ஓடும் பயணங்களில் எவை ரயிலுக்கும் பேருந்துக்கும் மாறத்தக்கவை என்று பிரித்துப் பார்த்து, புதிய ரயில் நிலையங்களையும் விரைவுப் பேருந்துத் தடங்களையும் பரிந்துரைத்தது.

பயணங்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வழியின் சாரம். நெரிசலில் பெரும்பங்கு, காலையும் மாலையும் வேலைக்குப் போய்வரும் தனிநபர் வாகனங்களால் வருவதென்றால் இந்த வழி வெல்லும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளால் வருவதென்றால் வெல்லாது. அந்தச் சரக்கை மெட்ரோவில் ஏற்ற முடியாது. இதன் மறைந்த செலவு, வாக்குறுதி காற்றில் போவது. சாலை ரத்தானது அன்றே செய்தியாகும். பதிலாகச் சொன்ன ரயில் நிலையத்துக்கு நிதி ஒதுக்குவதை எந்தத் தொலைக்காட்சியும் பின்தொடராது. தண்டவாளம் என்றாலே தூய்மை என்றும் எண்ண வேண்டாம்: வேளச்சேரி வரையிலான பறக்கும் ரயிலின் கடைசி நிலையங்களும் சதுப்பின் பழைய பரப்பை ஒட்டித்தான் நிற்கின்றன.

பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | மண் கரை | உயர்மட்டச் சாலை | சுற்றுத்தடம் | புதிய சாலை இல்லை |
|---|---|---|---|---|
| நீரோட்டம் | மறிக்கிறது | பெரிதும் தடையில்லை, தற்காலிக மண்பாதை அகன்றால் | சதுப்பில் தடையில்லை | தடையில்லை |
| பின்தொடரும் கட்டடங்கள் | மிக அதிகம் | இறங்கு தளத்தைப் பொறுத்தது | வேறு இடத்துக்கு நகரும் | குறைவு |
| தொடக்கச் செலவு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் வரை | ரயில், பேருந்து முதலீட்டைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | வெள்ளம், அமுங்கல், மண் எடுக்கும் இடம் | பராமரிப்பு, கட்டுமானக் காலச் சேதம் | வயலும் குடியிருப்பும் | நிறைவேறாத மாற்று |
| திரும்பப் பெறுவது | மிகக் கடினம் | கடினம் | கடினம் | எளிது |

இழப்பீட்டுச் சதுப்பு என்ற வாக்குறுதி

முதல் இரண்டு வழிகளோடும் ஒரு பின்னிணைப்பு வருவதுண்டு: எடுத்துக்கொள்ளும் பரப்புக்கு ஈடாக வேறோர் இடத்தில் சதுப்பை உருவாக்கித் தருகிறோம் என்பது. பள்ளம் தோண்டி நீர் நிரப்பினால் குளம் கிடைக்கும். பல நூற்றாண்டுக் களிமண் படிவும், ஏரிகள் வழிந்து வந்து சேரும் தாழ்வும், கடலோடு உள்ள தொடர்பும் கிடைக்காது. 1971-ஆம் ஆண்டு ராம்சர் உடன்படிக்கையே, அவசர நாட்டு நலன் கருதி ஒரு தளத்தின் எல்லையைச் சுருக்க நேர்ந்தால் இயன்றவரை ஈடு செய்யுமாறு சொல்கிறது. அந்த நிபந்தனையின் முதற்பாதியை விட்டுவிட்டுப் பிற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டும் வழக்கம் பெருகியிருக்கிறது.

என் முடிவும், கூட்டத்தில் கேட்க வேண்டியவையும்

புதிய சாலை என்றால் நான்காவது வழியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும் என்பது என் நிலை. பயணங்களைப் பிரித்துப் பார்த்த பிறகும் சாலை தேவைப்பட்டால் சுற்றுத்தடம்; சுற்ற இடமே இல்லையென்று எண்ணிக்கையோடு காட்டினால் மட்டும் உயர்மட்டச் சாலை, அதுவும் சதுப்பிலும் அதன் விளிம்பிலும் ஏறு தளமோ இறங்கு தளமோ இல்லை என்ற நிபந்தனையோடு. ஏற்கெனவே கரை எழுந்துவிட்ட ரேடியல் சாலை போன்ற இடங்களில் விடை மாறும்: அடுத்த விரிவாக்கத்துக்குக் கேட்கப்படும் நிதியிலேயே, நீர் கடக்கும் நடுப்பகுதியைப் பாலமாக உயர்த்தி, கீழேயுள்ள கரையை வெட்டி எடுக்க வேண்டும். அங்கே உயர்மட்டச் சாலை சதுப்புக்குச் செய்யும் பரிகாரமாகவே அமையும்.

சட்டம் இந்த வரிசைக்குத் துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதையும், கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர்த்த நிரந்தரக் கட்டுமானத்தையும் தடை செய்கின்றன. தூணும் நிரந்தரக் கட்டுமானமே. விலக்கு வேண்டுமானால் மாநில அரசு, ஈரநில ஆணையத்தின் பரிந்துரையோடு மத்திய அரசிடம் கேட்க வேண்டும். பள்ளிக்கரணையில் ராம்சர் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும், ஆய்வு முடியும் வரை கட்டுமானத் திட்ட அனுமதி வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-இல் உத்தரவிட்டது. விளிம்பைப் பற்றிய இந்தக் கவலை சாலைத் திட்டங்களுக்கும் பொருந்தும்.

கூட்டத்தில் நேரம் மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. உணர்ச்சியோடு பேசுவதை விட எழுத்தில் பதில் வேண்டிய கேள்விகளைக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு வருவது நல்லது. ஆய்ந்து விலக்கிய தடங்கள் எவை, ஒவ்வொன்றையும் விலக்கியதற்கு என்ன காரணம்? இருபக்க நீர்மட்டமும் வடகிழக்குப் பருவமழையின்போது அளக்கப்பட்டதா, கோடையில் அளந்து கணிக்கப்பட்டதா? நிரப்பும் மண் எந்த ஊரின் எந்த ஏரியிலிருந்து வரும்? தற்காலிக மண்பாதையை அகற்ற ஒதுக்கிய தொகை எவ்வளவு, அது அகற்றப்படும் வரை ஒப்பந்ததாரரின் பாதுகாப்பு வைப்புத்தொகை நிறுத்திவைக்கப்படுமா? சிறுபாலங்களை ஆண்டுதோறும் தூர்வாரும் பொறுப்பு நெடுஞ்சாலைத் துறைக்கா, நீர்வளத் துறைக்கா, மாநகராட்சிக்கா? கடைசிக் கேள்விக்கு மூன்று துறைகளும் மற்ற இரண்டைக் கைகாட்டினால், அந்தப் பதிலையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னாளில் வழக்கு தொடுக்க நேர்ந்தால் முதல் ஆவணம் அதுதான்.